ஆயிரம் வருடக் கலவை

கான்கிரீட்டில் விரிசல் பின்னால் வந்து சேர்கிறதா, கொட்டும்போதே உள்ளே இருக்கிறதா? ரெடிமிக்ஸ் ஆலையின் ஆய்வகத்தில் க்யூப் உடைத்துப் பலம் பார்த்தே வயதான எனக்கு இது வெறும் வேலைக் கேள்வியாக இருந்ததில்லை. காரணம் அப்பா. மாயவரம் பக்கத்தில் ஒரு கோயிலில் ஓதுவார். காலையும் மாலையும் பதிகம் பாடுவார், வெள்ளிக்கிழமைகளில் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சைவ சித்தாந்த வகுப்பு எடுப்பார். 13ஆம் நூற்றாண்டு மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரத்தில் அடக்கியது பத்து வயதுப் பிள்ளைகளின் தலைக்குள் எவ்வளவு ஏறும்? எனக்கு இரண்டு விஷயம் ஒட்டிக்கொண்டது. ஒன்று சற்காரியவாதம்: இல்லாதது புதிதாகத் தோன்றாது, காரியம் காரணத்துக்குள்ளேயே இருக்கிறது. மற்றது ஆணவ மலம்: செம்போடு களிம்பு எந்த நாளில் சேர்ந்தது என்று கேட்க முடியாததுபோல, அது உயிரோடு அனாதியாகவே இருக்கிறது.

சிமெண்ட் கெட்டிப்பட அதன் எடையில் ஏறக்குறைய கால் பங்குத் தண்ணீர் வேதிவினைக்குப் போதும். அந்தக் கணக்கில் கலந்தால் மண்வெட்டி இறங்காது. அதனால் கூட்டித்தான் ஊற்றுகிறோம். மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பினால் இன்னொரு வாளியும் போகும். வினைக்குப் போக மிஞ்சிய தண்ணீர் காயும்போது தான் இருந்த இடத்தைத் துளையாக விட்டுப் போகிறது. பிற்பாடு கரியமில வாயுவும், கடற்கரை ஊர்களில் உப்பும் நுழைவது இந்தத் துளைகள் வழியாகத்தான். கம்பிக்கு இருந்த காப்பு போகிறது, துரு ஏறுகிறது. துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். கான்கிரீட் உள்ளிருந்து வெடிக்கிறது. இருபது வருடம் கழித்துப் பால்கனிக்கு அடியில் பெயர்ந்து விழும் சில்லு, அன்றைக்கு ஊற்றிய அந்த வாளித் தண்ணீர்தான். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, “இதைத்தானேம்மா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சொல்லிட்டிருந்தேன்” என்றார்.

இன்றைக்குக் கட்டுமானக் கூட்டங்களில் எல்லாரும் பேசுவது ஃபைபரும் நானோவும். நானோ சிலிக்காவின் துகள் நூறு நானோமீட்டருக்கும் குறைவு. ஒரு தலைமுடியின் தடிமன் அதைப்போல் பல நூறு மடங்கு. சிமெண்டும் தண்ணீரும் சேரும்போது பிசின்போல ஒன்று உண்டாகிறது, பலம் முழுக்க அதில். கூடவே கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு, பலமில்லாத படிகமாக ஒதுங்கி நிற்கிறது. நானோ சிலிக்கா அந்தச் சுண்ணாம்பைப் பிடித்து மேலும் பிசினாக்குகிறது, துளைகளுக்குள்ளும் போய் உட்காருகிறது. சிமெண்ட் எடையில் ஒன்றிரண்டு சதவீதம் சேர்த்தாலே வித்தியாசம் தெரியும். ஆனால் அவ்வளவு நுண்ணிய துகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிதட்டும். சரியாகக் கலைத்துவிடாவிட்டால் கொடுத்த காசு வீண். எல்லாம் சரியாக நடந்தாலும் துளை ஒழிவதில்லை. சிறிதாகிறது, ஒன்றுக்கொன்று வழி விடாமல் துண்டுபடுகிறது, அவ்வளவுதான்.

ஃபைபரின் போக்கு வேறு. ‘போட்டால் விரிசலே வராது’ என்று சொல்லிக்கொண்டு வரும் விற்பனைப் பையன்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். கன மீட்டருக்கு ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவாகப் போடும் பாலிப்ரொப்பிலீன் இழை, கலவை ஈரமாக இருக்கும் முதல் சில மணி நேரத்துச் சுருக்க விரிசலைக் குறைக்கும். எஃகு இழை இறுகிய பிறகு வேலை செய்யும். கீறல் விழுந்ததும் இரண்டு கரையையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஒரே பிளவாக ஓட வேண்டியதைப் பல மயிரிழைகளாகப் பங்கு போட்டுவிடுகிற கலவைகளும் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் விக்டர் லீ 1990களில் உருவாக்கிய, வளைந்து கொடுக்கும் கலவை அந்த வகை. அதில் இழை கன அளவில் 2 சதவீதம்தான். விரிசல்களின் அகலம் பொதுவாக மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடுகிறது. அத்தனை மெல்லிய விரிசலில் தண்ணீர் பட்டால், வினையில் சேராமல் மிஞ்சிக் கிடந்த சிமெண்ட் விழித்துக்கொண்டு அதை அடைத்துவிடுவதும் உண்டு.

சித்தாந்தத்தில் முத்தி நிலையிலும் ஆணவம் அழிந்துபோவதில்லை. அதன் சக்தி மடங்கிக் கிடக்கிறது. நான் படித்த எந்தப் பொறியியல் புத்தகமும் ஃபைபரை இவ்வளவு கச்சிதமாக விளக்கியதில்லை. இதற்கு மேல் ஒப்புமையை இழுத்தால் அப்பா கோபித்துக்கொள்வார். மலம் மடங்குவது அருளால், ரசாயனத்தால் இல்லை.

என்னை உறுத்துவது இதற்கு அடுத்த கேள்வி. ஒரு கட்டடம் ஆயிரம் வருடம் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுவதே ஆணவம்தானோ?

ஹவாயின் கவாய் தீவில் ‘இறைவன் கோயில்’ என்று ஒரு சிவன் கோயில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளிடம் 1949இல் தீட்சை பெற்ற அமெரிக்கர், சிவாய சுப்பிரமுனியசுவாமி தொடங்கியது. குமரி வள்ளுவர் சிலையை எழுப்பிய கணபதி ஸ்தபதிதான் வடிவமைப்பு. கருங்கல் முழுக்கப் பெங்களூர்ப் பக்கத்தில் கையால் செதுக்கிக் கப்பலேறியது. ஆயிரம் வருடம் தாங்கும் அஸ்திவாரம் வேண்டும் என்று கேட்டபோது, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பர்க்லி வளாகத்துப் பேராசிரியர் பி. குமார் மேத்தா 1999இல் போட்டுக்கொடுத்தது சுமார் 117 அடி நீளம், 56 அடி அகலம், 4 அடி கனம். உள்ளே ஒரு கம்பி கிடையாது. துருப்பிடிக்க எதுவும் இல்லை என்றால் துருவால் வெடிக்கவும் எதுவும் இல்லை. சிமெண்டில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டு அனல் மின் நிலையத்துச் சாம்பலைச் சேர்த்தார். அதனால் சூடு குறைவு, சூட்டால் வரும் விரிசலும் குறைவு. பலம் மெதுவாகத்தான் ஏறும், ஆனால் மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். 28ஆம் நாள் க்யூப் உடைத்து மறுநாள் பில் போடும் எங்கள் தொழிலுக்கு இந்தப் பொறுமை ஒத்துவராது. (சாம்பல் பூசியவனுக்குச் சாம்பலிலேயே அஸ்திவாரம். எண்ணூரிலும் மேட்டூரிலும் அதே சாம்பலை லாரி லாரியாகப் பார்த்தபோது எனக்கு இது தோன்றவில்லை.)

அந்த அஸ்திவாரத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நம் ஆகமக்காரர்கள் இன்னொரு கலவையும் வைத்திருக்கிறார்கள். மூலவரைப் பீடத்தோடு பொருத்தும் அஷ்டபந்தனம். கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய். எட்டையும் சேர்த்து, இளகி ஒட்டும்வரை இடித்துக்கொண்டே இருப்பார்கள். ஆய்வகக் கண்ணால் பாருங்கள்: பிசின், நுண்ணிய கனிமப் பொடி, விரிசலைப் பிடிக்கப் பஞ்சு இழை. இன்று நாங்கள் புதிதென்று பேசும் சேர்மானத்தின் இலக்கணம் அப்படியே இருக்கிறது. ஆனால் காலம் போகப்போக இது காய்ந்து பிடி விடும். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை எடுத்துப் புதிதாகச் சாத்தி, குடமுழுக்குச் செய்ய வேண்டும். கோயிலை நூற்றாண்டுக்கணக்கில் நிற்கும் கருங்கல்லில் எழுப்பத் தெரிந்தவர்கள், சாமிக்கு அடியில் மட்டும் ஆயுள் குறைந்த சாந்தை வைத்தார்கள். அவர்களுக்கு வேறு தெரியாது என்று நான் நம்பத் தயாரில்லை.

போன குடமுழுக்கின்போது எங்கள் ஊர்க் கமிட்டித் தலைவர் என்னிடம் கேட்டது இதைத்தான். “மேடம், ஏதோ எபாக்சியாமே, நானோவாமே. ஒருதரம் போட்டா நூறு வருஷம் கவலையில்லையாமே?” உண்மைதான், அதற்குப் பக்கத்தில் நிற்கும் பொருள்கள் இருக்கின்றன. குருக்கள் அவரைப் பார்த்தார். “கவலையில்லேன்னா அப்புறம் ஊரு எதுக்குங்காணும் கூடும்?” என்றார். சிவனின் ஐந்தொழிலில் அழித்தலை, பிறந்து பிறந்து அலுத்த உயிருக்குத் தரும் இளைப்பாறல் என்றுதான் அப்பா சொல்லிக்கொடுத்தார். பீடத்துச் சாந்து தளர்வதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

பால்கனி அப்படி இல்லை. அதற்கு அடியில் பள்ளிக்கூடப் பை மாட்டிய பிள்ளை நிற்கிறது. அங்கே இளைப்பாறல் என்ற பேச்சுக்கே இடமில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊர் கூடி அந்தச் சிலாபைப் பார்க்கப்போவதும் இல்லை. திரும்பி வந்து பழுது பார்க்க யாருமில்லாத இடத்துக்குத்தான் ஆயிரம் வருடக் கலவை வேண்டும்: கடலோரத்து அடுக்குமாடி, தண்ணீர்த் தொட்டி, பாலம். நாம் தலைகீழாகச் செய்கிறோம். கோயில் என்றால் நன்கொடையாளர் நல்ல சிமெண்ட் கேட்கிறார், வாடகை வீடு என்றால் இன்னொரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்கிறார். மேத்தாவின் கலவையில் விலை உயர்ந்த சமாச்சாரம் எதுவுமில்லை என்பதால், இந்தத் தலைகீழை ஏழ்மையின் கணக்கில் எழுதவும் என்னால் முடியவில்லை. அதில் செலவானது அவசரப்படாமல் இருந்த நாட்கள்.

கடைசியில் கருவறைக்கு அஷ்டபந்தனமே இடித்தார்கள். மடப்பள்ளித் தரைக்கும், பெண்கள் பால்குடத்தோடு வெறுங்காலில் நடக்கும் வெளிச்சுற்றுக்கும் சாம்பல் கலந்த சிமெண்டில் ஃபைபர் போட்டேன். நானோ சிலிக்காவை வேண்டாம் என்றுவிட்டேன், அந்தக் காசுக்கு அங்கே வேலையில்லை. 14 நாள் ஈரச்சாக்கு போட்டுத் தண்ணீர் தெளிக்க ஆள் வேண்டும் என்றதும் தலைவர் கேட்டார்: “ஃபைபர்தான் போட்டாச்சே மேடம், தண்ணி வேற எதுக்கு?” ஆளைப் போட்டோம். அவன் கூலியை எந்தக் கணக்கில் எழுதுவது, கைங்கரியத்திலா கட்டடத்திலா என்று கமிட்டியில் இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.