செம்பும் களிம்பும்

செம்போடு களிம்பு எப்படியோ, உயிரோடு ஆணவ மலம் அப்படி என்கிறது சைவ சித்தாந்தம். மலம் அறிவை அழிப்பதில்லை, மறைக்கிறது. மறைப்பு அழிவைவிடக் கொடியது என்பதற்கு வங்கக் கடலின் மிதவைகளே சாட்சி. பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் நிறுத்தியிருக்கும் அவை, நீரின் மின்கடத்துதிறனை அளந்து உப்பைக் கணிக்கின்றன. மேல்நீரில் உணரியின் மேல் முதலில் வழவழப்பான படலம் படியும். பிறகு பாசி, பிறகு கொட்டலசு. அளவிடும் குழாயின் வாய் குறுகக் குறுக, கடத்துதிறன் குறைவாகப் பதிவாகும். உப்புக் கடல் உப்புக் குறைந்த கடலாகத் தெரியும். கருவி நின்றுவிட்டால் கவலையில்லை, யாராவது போய்ப் பார்ப்பார்கள். நிற்காமல் எண்களை அனுப்பிக்கொண்டே இருப்பதுதான் ஆபத்து.

கடலே இல்லாத திண்டுக்கல்லுக்கும் இது சொந்தக் கதை. தோலைக் கெடாமல் வைக்கப் போடும் உப்பு, தோல் ஷாப்புகளின் கழிவுநீரோடு நிலத்தில் இறங்கியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் அபராதம் விதித்த தோல் ஆலைகளில் இம்மாவட்டத்தவையும் அடங்கும். இங்கே கிணற்று நீரின் உப்பைச் சொல்வதும் அதே மின்கடத்துதிறன்தான். கடின நீரில் மின்முனைகளின் மேல் சுண்ணாம்பு படியும். அளவு குறைத்தே காட்டும். உவர்க் கிணறு நல்ல கிணறாகிவிடும். விவசாயிக்கு எதிராகவும் மாசுபடுத்தியவருக்கு ஆதரவாகவும் சாயும் பொய் இது. ஆகவே மின்முனையைத் துடைப்பதை மெக்கானிக் வேலை என்று ஒதுக்க முடியாது; அது அறத்தின் வேலை.

மலம் அநாதி, பாசியோ வெளியிலிருந்து வந்தது, உவமை பொருந்தாது என்று சைவர் மறுக்கலாம். மறுப்பு சரியே. நான் எடுப்பது ஒன்றை மட்டும்: மூடப்பட்டது தன் மூடலைத் தானே அறியாது. என் அறிவை என் அறிவாலேயே சோதிப்பேன் என்பவரிடம் சோதிக்கும் அறிவும் மூடப்பட்ட அதே அறிவுதானே! சித்தாந்தம் குருவருளை வேண்டுவது இதனால்தான். உணரிக்கும் வெளிச்சாட்சி வேண்டும்: கடலில் குப்பியில் எடுத்த நீர், கிணற்றடியில் 25 டிகிரி செல்சியஸில் சென்டிமீட்டருக்கு 1413 மைக்ரோசீமன்ஸ் காட்டவேண்டிய பொட்டாசியம் குளோரைடு கரைசல்.

இதைவிடக் கடினமான மறுப்பு, நாம் அழுக்கு என்பவை உயிர்கள் என்பது. உணரியைச் சுற்றி வைக்கும் செம்பு மெல்லக் கரைந்து இளம் கொட்டலசுகளை ஒட்டவிடாமல் செய்கிறது, கொல்லவும் செய்கிறது. உவமையில் நோயுற்ற செம்பு இங்கே காவல். ஆனால் காவலுக்கும் எல்லை உண்டு. கொட்டலசு ஒட்டாமலிருக்கக் கப்பல்களில் பூசிய டிரைபியூட்டைல்டின் என்ற நஞ்சு பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பை முளைக்கவைத்தது. 2001இல் ஏற்கப்பட்டு 2008இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை அந்தப் பூச்சைத் தடை செய்தது. உணரியின் வாயளவில் செம்பு வைக்கலாம், துடைப்பான் இன்னும் நல்லது. கடலுக்கே நஞ்சிட்டுப் பெறும் உண்மை வேண்டாம். திண்டுக்கல்லில் கிணறு அளப்பவர்கள் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் மின்முனை துடைத்த தேதியையும் கரைசல் காட்டிய அளவையும் எழுதுங்கள். அவை இல்லாத எண்ணைப் பிரமாணமாக ஏற்காதீர்கள்.