வாயில்லாப் பிராணியின் பத்தியம்

ஃபெரட் என்று ஒரு பிராணி உண்டு. நீண்டு மெலிந்த சரீரமும், குட்டைக் கால்களும், ஓயாமல் எதையோ மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கும் மூக்கும் உடைய அதைப் படத்தில் பார்க்கும் நம்மவர்கள் கீரி என்றே எண்ணக்கூடும். ஆனால் அது காவிரியில் மீன் பிடித்து வாழும் நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்தது. முயல் வளைக்குள் புகுந்து முயலை வெளியே விரட்டுவதற்காக ஐரோப்பிய மக்கள் அதை வெகு காலத்துக்கு முன்பே பழக்கினார்கள் என்பதற்கு, ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஸ்டிராபோ என்ற கிரேக்க பூகோள ஆசிரியர், ஸ்பெயின் தேசத்தில் வாய்க்கூடு மாட்டி வளைக்குள் விடப்பட்ட ஒரு பிராணியைப் பற்றி எழுதிவைத்திருப்பதைச் சான்றாகக் காட்டுவார்கள். 1933-ஆம் ஆண்டில் லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பாட்ரிக் லெய்ட்லா என்ற மூன்று விஞ்ஞானிகள், மனிதரைப் பீடிக்கும் இன்ஃப்ளூயன்ஸா ஜுரத்துக்கு வைரஸ்தான் காரணம் என்று கண்டறிந்ததும் இந்தப் பிராணியை வைத்துச் செய்த பரிசோதனையால்தான். மனித குலம் அதற்குக் கொஞ்சம் கடமைப்பட்டிருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

இன்று அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அது பெரும்பாலும் வீட்டுச் செல்லப் பிராணியாகவே வளர்கிறது. அதன் ஆயுள் சுமாராக 6 முதல் 8 ஆண்டுகள். அதிலும் மூன்று நான்கு வயதைத் தாண்டியவுடனேயே தீராத உபாதைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்வது அங்கே சர்வ சாதாரணம். அப்படி நோயுற்றுவிட்ட ஒரு ஃபெரட்டைக் கைவிடாமல் வைத்துக் காப்பாற்றுகிறவர்களின் அன்றாடப் பாட்டைப் பற்றியே இன்று காலையில் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

முதலில் அதன் வயிற்றின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது முழுக்க முழுக்க மாமிச பட்சிணி. நார்ப்பொருளைத் தங்கவைத்துச் செரிக்கும் குடற்பகுதி அதற்கு அமையவில்லை. உண்ட ஆகாரம் மூன்று நான்கு மணி நேரத்துக்குள் உடலைக் கடந்து வெளியேறிவிடுகிறது. ஆகவே, மாமிசத்தின் புரதமும் கொழுப்பும் நிறைந்த உணவைச் சிறிது சிறிதாக, நாளொன்றுக்கு எட்டுப் பத்து வேளை அது உண்டாக வேண்டும். தானியமும் காயும் பழமும் அதற்கு வீண். ஆனால் இனிப்பு என்றால் அதற்கு அலாதிப் பிரியம். அந்தப் பிரியத்தைக் கண்டு மனம் குளிர்ந்த வீட்டார், வருஷக்கணக்காக நாள்தோறும் உலர்ந்த திராட்சையும் வாழைப்பழத் துண்டும் ஊட்டி வளர்த்த கதைகள் அந்நாடுகளில் ஏராளம். மாவுப் பொருளும் சர்க்கரையும் மிகுந்த உணவே பிற்காலத்து நோய்க்கு ஒரு காரணமோ என்று வைத்தியர்கள் பலர் சந்தேகிக்கிறார்கள். சந்தேகம் இன்னும் முடிவாக நிரூபணமாகவில்லை என்றாலும், நோய் வந்த பின் இனிப்பு ஆகாது என்பதில் அவர்களுக்குள் அபிப்பிராய பேதம் இல்லை.

அந்த நோய்க்கு இன்சுலினோமா என்று பெயர். கணையத்தில் மிகச் சிறிய கட்டிகள் தோன்றி, வேளையும் அளவும் இன்றி இன்சுலினைச் சுரந்துகொண்டே இருப்பதால், நம்மிடையே பரவலாக உள்ள நீரிழிவுக்கு நேர்மாறாக, இரத்தத்தில் சர்க்கரை படிப்படியாகக் குறைந்துவிடுகிறது. ஓடிக்கொண்டிருந்த பிராணி நடுவில் நின்று சூனியத்தை வெறித்துப் பார்க்கும். வாயில் எச்சில் ஒழுக, முன்னங்காலால் வாயைப் பிறாண்டும். பின்னங்கால்கள் துவண்டு தரையில் இழுபடும். கவனிப்பாரில்லாவிட்டால் வலிப்பும் வரும். சர்க்கரை குறைந்துவிட்டதே என்று சர்க்கரை கொடுத்தால், கட்டிகள் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரந்து, சிறிது நேரத்தில் முன்னைவிடக் கீழான நிலைக்கு அதைத் தள்ளிவிடும். ஆகையால் உயிருக்கு ஆபத்தான அந்த நிமிஷத்தில் மட்டும் ஈறிலே துளித் தேனைத் தடவி, பிராணி கண் திறந்து விழுங்கும் நிலைக்கு வந்தவுடன் தாமதமின்றி இறைச்சிக் கூழை ஊட்டி, வைத்தியரிடம் கொண்டு ஓட வேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். தேன் காப்பாற்றுவது சில நிமிஷங்களே. காப்பாற்றி நிறுத்துவது இறைச்சியும், வேளை தவறாமல் கொடுக்கும் பிரெட்னிசலோன் என்ற மருந்துந்தான்.

இதில் மனத்தை உருக்கும் ஒரு விஷயம் உண்டு. ஃபெரட் நாளில் 14 மணி முதல் 18 மணி நேரம் வரை தூங்கும். அதுவும் எப்படிப்பட்ட தூக்கம் என்றால், கையில் தூக்கினாலும் தலை தொங்கிக் கிடக்குமே தவிரக் கண் திறக்காது. ஆரோக்கியமான பிராணியின் அயர்ந்த உறக்கமும், சர்க்கரை குறைந்த பிராணியின் மயக்கமும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், வளர்ப்பவர் விடியற்காலையில் எழுந்தவுடன் கூண்டருகே குனிந்து, போர்வையை விலக்கி, அதைக் கையில் ஏந்தி, உதட்டை மெல்ல உயர்த்தி, ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று பார்க்கிறார். பாதத்தைத் தொட்டுச் சூடு உண்டா என்று சோதிக்கிறார். வெதுவெதுப்பான கூழை விரல் நுனியில் எடுத்து மூக்கின் அருகே கொண்டுபோகிறார். மூக்கு ஒரு முறை துடித்தால் போதும், அன்றைய பொழுதை அவர் நிம்மதியாகத் தொடங்கலாம்.

அந்தக் கூழைத் தயாரிப்பதும் ஊட்டுவதும் லேசான காரியம் அல்ல. கோழி இறைச்சியை எலும்பு நீக்கி வேகவைத்து, அதன் சாற்றோடு சேர்த்து மசிய அரைத்து, வழக்கமாகத் தின்னும் உணவையும் ஊறவைத்துக் கலந்து, வேளைக்கு வேண்டிய அளவை மட்டும் இளஞ்சூடாக்கிக் கொடுக்கிறார்கள். குட்டிப் பருவத்தின் முதல் சில மாதங்களில் எந்த வாசனைக்குப் பழகியதோ அதையே ஆகாரம் என்று அறியும் சுபாவம் ஃபெரட்டுக்கு உண்டு; அதற்குப் பின் புதிதாக எதை வைத்தாலும், எதிரே நல்ல இறைச்சி இருக்கும்போதே பட்டினி கிடக்கும். ஆகவே தானியம் கலந்த உலர் உணவிலே வளர்ந்த பிராணியைப் பத்தியத்துக்குக் கொண்டுவர விரும்புகிறவர், பழைய உணவில் புதியதைச் சிறிதளவு கலந்து, வாரக்கணக்கில் அந்த விகிதத்தை மாற்றிக்கொண்டே வர வேண்டியிருக்கிறது. தானாகத் தின்னாத நாளில், துணியில் சுற்றி மடியில் வைத்து, ஊசி இல்லாத மருந்துக் குழலால் கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு வாயையும் அது விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் கூழ் மூச்சுக் குழலுக்குள் போய்விடும்.

கைக்குழந்தையின் மலத்தைப் பார்த்தே நம் பாட்டிமார் வயிற்றின் நிலையைச் சொல்லிவிடுவது போல, இந்தப் பிராணியை வளர்க்கிறவர்களும் நாள்தோறும் அதன் மலத்தைப் பார்த்தே நோயை ஊகிக்கிறார்கள். பச்சையாகவும் சளியாகவும் போனால் குடல் அழற்சியோ என்று அஞ்சுகிறார்கள். தாரைப் போல் கறுத்திருந்தால் இரைப்பையில் புண் உண்டாகி இரத்தம் கசிகிறது என்று தெரிந்துகொண்டு அன்றே வைத்தியரை நாடுகிறார்கள். வாலில் தொடங்கி ரோமம் உதிர்ந்துகொண்டே வந்தால் அது அட்ரினல் சுரப்பியின் கோளாறு. அதற்கு வேறு சிகிச்சை. எடையைப் பார்ப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் பருத்து வசந்தத்தில் இளைப்பது அதன் இயல்பு ஆதலால், இந்த மாத எடையைப் போன மாத எடையோடு மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்து போகலாம். சென்ற ஆண்டு இதே மாதத்தில் என்ன இருந்தது என்ற குறிப்பும் கையில் இருக்க வேண்டும். வாய் திறந்து வலியைச் சொல்ல முடியாத ஜீவனுக்கு அந்தக் குறிப்புத்தான் வாய்.

அன்பு பெரிது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், தான் நேசிக்கும் ஜீவனின் உடல் எப்படி அமைந்திருக்கிறது என்று கற்றுக்கொள்ளச் சிரமப்படாத அன்பு, திராட்சையை ஊட்டி மகிழ்ந்துகொண்டே தீங்கு செய்துவிடுகிறது. நமக்குப் பிடித்ததை அதற்கும் கொடுக்கிறோம் என்ற திருப்தி நம்முடையது, வேதனை அதனுடையது. வைத்தியர் சொன்னதைக் கேட்டு, அதன் கண்ணெதிரே இனிப்பை மறுத்து, அது முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் கூழை ஊட்டுகிற கையிலேதான் உண்மையான தயை இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நாம் சொல்வதுண்டு. இந்த மருந்துக்கோ முடிவு இல்லை. கட்டியை அறுத்து எடுத்தாலும் நோய் பெரும்பாலும் திரும்பி வரும். மாதக்கணக்கில், சில சமயம் ஓரிரண்டு ஆண்டுகள்கூட, பிராணி சுகமாக நடமாடும். பிறகு மருந்தின் அளவு ஏறும். ஒரு நாள் எதுவும் பலிக்காமல் போகும். அப்போது ஊசி மூலம் வலியின்றி விடைகொடுத்துவிடும் வழக்கம் அந்த நாடுகளில் உண்டு. அந்த முடிவுக்கு வந்தவர்களை, இரவும் பகலும் கண்விழித்துப் பார்த்தவர்கள் அவர்களே என்பதை நினைத்துப் பாராமல், குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இதைக் கேட்டுவிட்டு ஃபெரட் வளர்க்க வேண்டும் என்று யாரும் ஆசைப்படக் கூடாது என்பது என் வேண்டுகோள். வெப்பம் 30 டிகிரியைத் தொட்டாலே துவண்டுபோகிற பிராணி அது; நம் சித்திரை வெயில் அதைக் கொன்றுவிடும். ஆனால் உங்கள் வீட்டிலேயே ஒரு நாயோ பூனையோ முயலோ இருக்கலாம். முன்போல் ஓடுவதில்லை, வயதாகிவிட்டது என்று அதைப் பற்றி நீங்கள் சொல்லிக்கொண்டும் இருக்கலாம். இந்த வாரத்தில் ஒரு நாள் அதன் எடையைப் பார்த்து, அது என்ன தின்றது, எவ்வளவு தின்றது என்பதோடு தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கால்நடை வைத்தியரிடம் போகும்போது அந்த நோட்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.