கட்டுத்தறியும் கடமையும்

சைனிக்புரி என்னும் பெயரிலேயே படைவீரர் இருக்கின்றனர். செகந்தராபாத்தின் வடகிழக்கே, ஓய்வுபெற்ற படைத்துறையினருக்கென எழுந்த இக்குடியிருப்பில் தமிழ் இல்லங்களும் பல உண்டு. மாலை வேளையில் இங்குள்ள பெரியவர்களோடு அமர்ந்தால், உறையில் வரும் இன்றைய பாலைக் குறைகூறி, பாசறை நாளில் தாம் அருந்திய பண்ணைப் பாலைப் புகழாமல் அவர்கள் எழுவதில்லை. அப்புகழ்ச்சியில் பாதி தம் இளமையைப் பற்றியது என்பதை நாம் அறிவோம். எஞ்சிய பாதியோ நம்மை வேறொரு சிந்தனைக்கு இட்டுச் சென்றது.

படைவீரர்க்குத் தூய பால் வழங்கவென 1889ஆம் ஆண்டு அலகாபாத்தில் முதல் படைத்துறைப் பால்பண்ணை தொடங்கப்பெற்றது. நாடு விடுதலை பெற்ற காலத்தில் 130 பண்ணைகளும் ஏறத்தாழ 30,000 கால்நடைகளும் இருந்தன. செகந்தராபாத்தின் போயின்பள்ளியில் மிலிட்டரி டெய்ரி ஃபார்ம் சாலை என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. பின்னர் நாட்டில் பால் பெருகிற்று. கடையில் கிடைக்கும் பாலுக்காகப் படை ஏன் மாடு வளர்க்க வேண்டும் என்னும் கேள்வி எழுந்தது. எஞ்சியிருந்த 39 பண்ணைகளை மூட 2017இல் முடிவாயிற்று. 2021 மார்ச் 31 அன்று தில்லியில் நடந்த நிகழ்ச்சியோடு அவை விடைபெற்றன. மாடுகள் பெயரளவு விலைக்கு அரசுத் துறைகளுக்கும் கூட்டுறவுப் பால் நிறுவனங்களுக்கும் மாற்றப்பட்டன. கணக்கின்படி இதில் பிழை காண்பதற்கில்லை. தெருவில் விடாது ஒரு கையிலிருந்து மறு கையில் ஒப்படைத்ததும் நற்செயலே. நம் கேள்வி வேறு. ஓர் உயிரைத் தன் தேவைக்கென்றே ஆக்கியவன், அத்தேவை தீர்ந்ததும் தன் கடனும் தீர்ந்ததாகக் கொள்ளலாமா?

ஆக்கியவன் என்றது மிகையன்று. அப்பண்ணைகளில் உருவான ஃப்ரீஸ்வால் என்னும் இனம் இயற்கையில் இல்லாதது. குளிர்நாட்டு ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் குருதி எட்டில் ஐந்து பங்கு, பஞ்சாபின் சாகிவால் குருதி எட்டில் மூன்று பங்கு எனக் கணக்கிட்டுக் கலந்த கலப்பு அது. ஓர் ஈற்றுக்கு 4,000 லிட்டர் பால் என்பது குறிக்கோள். தன் கன்றுக்கு வேண்டியதைப் போல் பன்மடங்கு பாலைச் சுரக்கும் உடல் தீனியும் மிகுதியாக வேண்டும்; வெப்பமும் மிகுதியாக எழுப்பும். திமிலும் தொங்கு தாடியும் தளர்ந்த தோலும் உடைய நம் நாட்டு மாடு கோடையையும் உண்ணியையும் தாங்கவல்லது. கலப்பினப் பசுவோ தெலுங்கானத்து மே மாத வெயிலில் வாய் பிளந்து இரைக்கிறது, தீனியைக் குறைத்துக்கொள்கிறது. நிழலும் நீரும் மருத்துவமும் நாம் அளித்தாலன்றி அதற்கு வாழ்வில்லை. காளைக்கன்றின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. நுகம் தங்கும் அளவுக்குத் திமில் இல்லை. வெயிலில் உழ வலிமை இல்லை. செயற்கைமுறைக் கருவூட்டலுக்கோ சில பொலிகாளைகளே போதும். பிறந்த அன்றே வேண்டாதது ஆகிவிடுகிறது.

தொடக்கத்தில் இவ்வுறவு இத்துணை ஒருபக்கமானதாக இருந்திருக்க வழியில்லை. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவிலும், பின்னர்ச் சிந்துவெளிப் பகுதியிலும் காட்டுமாடு மனிதனோடு பழகியது. மனிதனுக்குச் செரியாத புல்லையும் வைக்கோலையும் அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் செரிக்கத் தக்கதாக்கின. நமக்கு உதவாததைத் தின்று நமக்கு உதவுவதைத் தந்தது; மாற்றாகப் புலியினின்றும் பசியினின்றும் காவல் பெற்றது. ஆனால் திரும்பிச் செல்லும் வழி அடைபட்டுவிட்டது. அம்மூதாதை இனத்தின் கடைசிப் பசு 1627இல் போலந்து நாட்டுக் காடொன்றில் இறந்தது. நீலகிரியில் நாம் காணும் காட்டெருமை வேறினம். நம் வீட்டு மாட்டின் பாட்டன் அன்று. எனவே, ‘அவிழ்த்துவிட்டோம், இனி அதன் பாடு’ என்று சொல்ல நமக்கு வாயில்லை. அவிழ்த்துவிட்டால் அது போய்ச் சேர ஒரு காடு இல்லை.

‘நாம் இல்லையேல் அவை பிறந்தே இரா, பிறப்பைத் தந்தவர்க்குக் கடன் ஏது?’ என வாதிடுவார் உளர். இவ்வாதத்தை ஒரு தந்தை தன் மகனிடம் சொன்னால் நாம் ஒப்புவோமா? பிறப்பித்தது கடனைத் தொடங்கி வைக்கிறதேயன்றி முடித்து வைப்பதில்லை.

நம் மொழியில் மாடு என்னும் சொல்லுக்கே செல்வம் என்றொரு பொருள் உண்டு. வள்ளுவரும் கல்வி அதிகாரத்தில் அப்பொருளில் ஆண்டுள்ளார். அச்சொல்லால் நாம் பெருமை கொள்கிறோம். ஆயினும் செல்வம் என்று பெயரிட்டதிலேயே ஓர் இடர் இருக்கிறதோ என்னும் ஐயமும் எழுகிறது. செல்வத்தைச் செலவிடலாம், மாற்றலாம், நட்டமென்று எழுதித் தள்ளலாம். உயிரை அவ்வாறு எழுதித் தள்ள இயலுமா? ஆனிரை மீட்கப் போரிட்டு மடிந்தவனுக்கு நடுகல் நாட்டிய முன்னோர், செல்வத்தை மட்டும் கருதியா அவனைப் போற்றினர்? உறுதியாகச் சொல்ல நமக்குத் துணிவில்லை.

இக்கடனைப் பண்ணை நடத்துவோர் தலையில் மட்டும் ஏற்றுவதும் முறையன்று. நாள்தோறும் காலையில் நம் வாயிற்படியில் கிடக்கும் பால் உறையின் விலையில், பால் வற்றிய பசுவின் தீனிச் செலவு எத்துணை, காளைக்கன்றின் பங்கு எத்துணை என்று நாம் கேட்டதுண்டா? லிட்டருக்கு இரண்டு ரூபாய் கூடினால் மட்டும் கேட்கிறோம். ஊரில் தொழுவம் இருந்த நாளில் கிழட்டுப் பசு நம் கண்முன்னே படுத்திருந்தது. அதன் முன் ஒரு பிடி வைக்கோலேனும் போடாமல் கடந்து செல்ல நாணினோம். பிழைப்புத் தேடி நகர் வந்தபின் பால் மட்டும் நம்மோடு வந்தது, பசு வரவில்லை. நாணமும் தொழுவத்திலேயே நின்றுவிட்டது போலும்.

வடநாட்டுப் பண்ணையொன்றில் பணியாற்றிய பெரியவர் ஒருவர் நம் தெருவில் இருக்கிறார். புதிய கை தொட்டால் பசு பாலை அடக்கிக்கொள்ளும், அச்சம் நீங்கினாலன்றி மடி இளகாது என்று அவர் சொல்வார். கால்நடை அறிவியலும் அதையே கூறுகிறது: அமைதியில் ஊறும் ஒரு சுரப்புநீரே பாலை இறக்குகிறது. ஒரு பசு அவர் குரல் கேட்டால்தான் சுரக்குமாம். அதன் காதில் கோத்திருந்த எண் அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. பணி மாறி வந்தபின் அப்பசு என்னவாயிற்று என்று ஒரு கடிதமேனும் எழுதிக் கேட்டீரா என வினவினோம். ‘மாட்டைப் பற்றி யாராவது கடிதம் எழுதுவார்களா ஐயா?’ என்று சிரித்தார். பிறகு நெடுநேரம் பேசாமல் இருந்து, அந்த எண்ணை மீண்டும் ஒருமுறை சொன்னார்.