மாசற்ற மணி எது?

ஒரு பொருளின் தரம் அப்பொருளினுள்ளேயே அடங்கியுள்ளதா, அன்றி அது வந்த வழியும் அத்தரத்தின் ஒரு கூறாகுமா? நிச்சயதார்த்த மோதிரத்துக்கு வைரம் தெரிவு செய்யும் ஒருவர் முன் இவ்வினா கூர்மையுடன் எழுகின்றது.

மணியின் குற்றம் ஆராயும் கலை தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரம் மதுரையின் இரத்தினக் கடைவீதியை வருணிக்குமிடத்து வைரத்துக்குரிய நால்வகைக் குற்றங்களைச் சுட்டுகின்றது. இன்றைய முறை அதனினும் நுணுக்கமானது. 1931இல் நிறுவப்பட்ட அமெரிக்க இரத்தினக்கல்லியல் நிறுவனம் வகுத்த முறைப்படி எடை, நிறம், தெளிவு, வெட்டு என்னும் நான்கு அளவுகோல்களால் வைரம் தரப்படுத்தப்படுகின்றது. ஒரு கரட் என்பது 200 மில்லிகிராம். நிறமற்ற கல்லிலிருந்து வெளிர்மஞ்சட் கல் வரை நிறத்துக்கு 23 தரங்கள் உள. தெளிவு, 10 மடங்கு பெருக்கிக் காட்டும் வில்லையின் கீழ்ச் சோதிக்கப்படும். இவற்றுள் மனிதக் கைவினையைப் பெரிதும் சார்ந்தது வெட்டு. மேற்புறம் புகும் ஒளி உள்ளே தெறித்து மீண்டும் மேலெழுமாறு கோணங்கள் அமையாவிடின் எடைமிக்க கல்லும் மங்கியே தோன்றும். ஆதலின் எடையினும் வெட்டையே முதற்கண் நோக்குதல் அறிவுடைமையாகும்.

இவ்வளவுகோல்கள் வாங்குவோரை வஞ்சனையினின்று காக்கின்றன என்பதில் ஐயமில்லை. எனினும், வில்லைக்குப் புலப்படாத மாசும் உண்டு. 1991 முதல் 2002 வரை நிகழ்ந்த சியரா லியோன் உள்நாட்டுப் போரில், கிளர்ச்சிப் படையினர் வைர வயல்களைக் கைப்பற்றி, அவற்றின் வருவாயால் ஆயுதம் வாங்கினர். குடிமக்களின் கைகளைத் துணித்தனர். அவ்வயல்களில் அகழப்பட்ட கல்லும் குற்றமற்றதெனச் சான்றிதழ் பெற்றிருத்தல் கூடும். இக்கொடுமை கண்டே 2003இல் கிம்பர்லி ஒழுங்குமுறை நடைமுறைக்கு வந்தது. ஆயின் அது, அரசுகளுக்கெதிரான கிளர்ச்சியாளர் போர்ச்செலவுக்குப் பயன்படுத்தும் பட்டை தீட்டாத வைரங்களையே விலக்குகின்றது. 2008இல் சிம்பாப்வேயின் மராங்கே வயல்களில் அகழ்வோர் பலரை அரச படையினரே கொன்றபோது, அக்குற்றம் இவ்வரைவிலக்கணத்தினுள் அடங்கவில்லை.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். கல் கரிமத்தின் படிகம். அதற்கு அறமும் மறமும் இல்லை. அகழ்ந்தோர் செய்த தீங்கு அவரையே சாரும். கல்லின் ஒளி அதனாற் குறைவதில்லை என்பர். இவ்வாதத்தின் வலுவை வணிகமே சோதித்துக் காட்டுகின்றது. ஆய்வுகூடத்தில் வளர்க்கப்படும் வைரமும் கரிமப் படிகமே. இயற்கை வைரத்தினின்று அதனை வெறுங்கண்ணாற் பிரித்தறிதல் இயலாது. 2018இல் ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு, வைரத்தின் வரைவிலக்கணத்திலிருந்து ‘இயற்கை’ என்னும் சொல்லையே நீக்கியது. இருந்தும், மண்ணிற் பிறந்த கல்லுக்குப் பன்மடங்கு விலை கொடுப்போர் உளர். அவர்கள் வாங்குவது ஒளியை மட்டுமன்று, பிறப்பையும் வரலாற்றையுமே. கல்லின் வரலாற்றுக்கு விலை கொடுப்பவர், அவ்வரலாற்றில் இடம்பெறும் மனிதரைப் பற்றித் தமக்குக் கவலையில்லை எனக் கூறுதல் முரண்பாடன்றோ?

இதனால், சுரங்க வைரம் யாவும் விலக்கற்பாலன என முடிவு செய்தலும் பொருந்தாது. பொட்சுவானா வைர வருவாயைக்கொண்டு பாடசாலைகளும் வீதிகளும் அமைத்தது. அந்நாட்டுக் கல்லைப் புறக்கணிப்பதனால் அம்மக்களுக்கு நன்மை விளையாது. ஆய்வுகூட வைரத்துக்கும் மிகுந்த மின்னாற்றல் வேண்டும். அம்மின் பெறப்படும் வழியும் வினாவுக்குரியதே. பிறப்பிடம் அறிதல் என்பது கல்லைப் பழிப்பதற்கு மட்டுமன்றி, தக்கதைத் தெரிவதற்கும் உதவும் அறிவாகும்.

நிச்சயதார்த்த மோதிரம் வெறும் அணிகலன் அன்று. ஒருவர் மற்றொருவருக்கு அளிக்கும் வாக்கின் அடையாளம். 1947இல் டீ பியர்ஸ் கம்பனிக்காக எழுதப்பட்ட விளம்பர வாசகம் வைரத்தை நிலைபேற்றின் குறியீடாக்கியது. குறியீட்டின் மதிப்போ நம்பிக்கையைப் பொறுத்தது. எங்கிருந்து வந்ததென வினவ அஞ்சி வாங்கிய கல், ஒளிவு மறைவற்ற வாழ்வுக்கு உறுதி கூறுதல் எங்ஙனம்? ஆகவே, நான்கு அளவுகோல்களால் அளந்தபின், இக்கல் யார் கையால், எந்நிலையில் அகழப்பட்டது என ஐந்தாவதாகவும் வினவுதல் வேண்டும். விற்பவரிடம் விடை இல்லையாயின், அவ்வின்மையையும் அக்கல்லின் குற்றமாகவே கொள்ளல் தகும்.