உன் ஆம்ப்ளிஃபயருக்கு உன் கையால் மின்சாரம் கொடு!

பௌர்ணமி வந்துவிட்டால் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஒலிபெருக்கிகள் ஓய்வதில்லை. அன்னதான அழைப்பு, காவல்துறை அறிவிப்பு, பக்திப் பாட்டு எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு மைக் செட் இருக்கிறது. செங்கம் சாலையிலும் ரமணாசிரமம் பகுதிச் சந்துகளிலும் படித்துக்கொண்டோ வேலை தேடிக்கொண்டோ இருக்கும் தம்பி, தங்கச்சி! அந்தப் பெட்டிக்குள் இருப்பதை உன்னால் கட்ட முடியும். பாட்டைப் பெருக்கும் போர்டு மட்டுமா? 230 வோல்ட் வந்து இறங்கும் இடத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

போர்டு வாங்குவது இன்று பெரிய காரியமில்லை. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும், தபாலிலும் வரும். சால்டர் வைக்க ஆர்வமுள்ள பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆனால் 230 வோல்ட்டை இறக்கித் தரும் டிரான்ஸ்ஃபார்மர் என்றதும் கை பின்வாங்குகிறது. "அது மட்டும் வேண்டாம்ப்பா, கரண்ட் அடிக்கும்" என்று வீட்டில் ஒரு குரல் வருகிறது. உடனே யாரோ கட்டிய பவர் சப்ளையைத் தேடி ஓடுகிறோம். ஆம்ப்ளிஃபயருக்கு உயிர் கொடுக்கும் பாகத்தை அடுத்தவரிடம் விட்டுவிட்டு, நானே செய்தேன் என்று எப்படிச் சொல்ல முடியும்?

பயப்படாதே என்று சொல்ல மாட்டேன். 230 வோல்ட் ஆளைக் கொல்லும். அந்தப் பயத்தை அப்படியே வேலையாக மாற்று என்றுதான் சொல்கிறேன். பிளக்கைக் கழற்றாமல் கை வைக்காதே. மூன்று முள் பிளக் போடு, எர்த் கம்பியை இரும்புப் பெட்டியில் திருகி இறுக்கு. டிரான்ஸ்ஃபார்மரில் 230 வோல்ட் நுழையும் பக்கமான பிரைமரியின் லைன் கம்பியில் ஃபியூஸ் போடு. 230 வோல்ட் வரும் ஒவ்வொரு இணைப்பையும் ஸ்லீவ் போட்டு மூடு. முதல் தடவை செய்யும்போது வேலை தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. பயம் இப்படிக் கையில் இறங்கிவிட்டால் மனசு தெளிந்துவிடும்.

இந்த டிரான்ஸ்ஃபார்மரின் மூலத்தைக் கண்டவர் யார் தெரியுமா? லண்டனில் ஒரு கொல்லரின் மகன், மைக்கேல் ஃபாரடே. பதினான்கு வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடைக்கு வேலை கற்கப் போனவர். பைண்டிங்குக்கு வந்த கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய பகுதியைப் படித்துத் தானாகவே கற்றுக்கொண்டார். உயர் கணிதம் அவருக்குத் தெரியாது. 1831 ஆகஸ்ட் 29 அன்று ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றினார். கம்பிகள் ஒன்றையொன்று தொடாமலிருக்கத் துணியையும் நூலையும் வைத்தே பிரித்தார். ஒரு சுருளில் மின்சாரத்தைக் கொடுத்தபோதும் நிறுத்தியபோதும், தொடர்பே இல்லாத அடுத்த சுருளின் கம்பிக்கு அருகில் வைத்த காந்த முள் அசைந்தது. இன்று பவர் சப்ளைக்கு வாங்கும் கெப்பாசிட்டரின் மேலும் அந்தக் கொல்லர் மகனின் பெயர் மைக்ரோ ஃபாரட் என்று அச்சாகி வருகிறது. பட்டம் இல்லையே என்று இனி யாரிடமும் தலை குனிந்து நிற்காதே!

நம் மண்ணிலும் ஆள் இருந்தார். கோவையை அடுத்த கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பை முடிக்காதவர். ஹோட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதைப் பாகம் பாகமாகக் கழற்றி மறுபடி பூட்டித்தான் இயந்திரம் கற்றார். 1941-இல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கு இங்கேயே செய்து தர முடியும் என்று அறிவித்தவர் அவர்.

நீ வசிக்கும் தெருவுக்குப் பக்கத்திலேயே வாழ்ந்த ரமணர் மட்டும் என்ன? ஆரம்ப நாட்களில் கௌபீனம் கிழிந்தபோது ஊசிகூட இல்லை. முள்ளையே ஊசியாக்கி, அந்தத் துணியிலிருந்தே நூலை உருவித் தைத்துக்கொண்டார். பிறகு ஆசிரமம் வளர்ந்த காலத்திலும் காய் நறுக்கினார், இலை தைத்தார், புத்தகம் பைண்டிங் செய்தார். அவர் ஆசிரமம் இருக்கும் சாலையில் தினமும் நடந்துகொண்டே "என்கிட்ட கருவி இல்லை" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

சரி, வேலைக்கு வா. பிள்ளைகள் முதலில் வாங்குவது பெரும்பாலும் டிடிஏ 2030 போர்டுதான், அதையே எடுத்துக்கொள்வோம். அந்த ஐசி தாங்கும் உச்சம் பிளஸ் 18, மைனஸ் 18 வோல்ட். பலர் 15-0-15 டிரான்ஸ்ஃபார்மரை வாங்கி மாட்டுகிறார்கள். 15 தானே, 18-க்குள் தானே என்று நினைப்பு. ஏசியில் 15 என்பது ஆர்எம்எஸ் எனும் பயனுறு அளவு. அதன் உச்சி 1.414 மடங்கு. டயோடு பிரிட்ஜில் டிசியாகத் திருத்திக் கெப்பாசிட்டரில் நிரப்பினால் டயோடில் போகும் முக்கால் வோல்ட் போகவும் இருபதரை வோல்ட் நிற்கும். ஐசி புகைந்துவிடுகிறது. பையன் "எனக்கு இது வராது" என்று மூலையில் போட்டுவிடுகிறான். அவனுக்கு வராதது எதுவுமில்லை. ஒரு பெருக்கல் மட்டும் விட்டுப்போயிற்று, அவ்வளவுதான்!

12-0-12, 3 ஆம்ப் வாங்கு. கணக்குப்படி பதினாறு சொச்சம் வரும். ஆனால் சுமை இல்லாதபோது சிறிய டிரான்ஸ்ஃபார்மர் பத்து சதவீதம்கூட ஏற்றிக் கொடுக்கும்; வீட்டு லைன் 240-ஐத் தொட்டால் இன்னும் ஏறி 18-ஐத் தாண்டவும் கூடும். அதனால் தாளில் எழுதியதை நம்பாதே, மீட்டரை நம்பு.

எந்தப் பக்கம் பிரைமரி என்று கம்பியின் நிறத்தை வைத்து முடிவு செய்யாதே. மல்டிமீட்டரை ஓம்ஸில் வை. மெல்லிய கம்பி சுற்றிய பிரைமரி பத்து, இருபது ஓம்ஸ் அல்லது அதற்கும் மேலே காட்டும். தடித்த கம்பி சுற்றிய செகண்டரி ஓர் ஓம் அளவில்கூட இராது. நடுக்கம்பி, அதாவது சென்டர் டேப், ஜீரோவாகிறது. வெளி இரண்டும் பிரிட்ஜுக்குப் போகின்றன.

அடுத்தது இரைச்சல். மலிவு செட்டுகளில் பாட்டுக்கு அடியில் "உம்ம்ம்" என்று ஒரு ஹம்மிங் ஓடுமே, அதற்குக் காரணம் தெரிந்துவிட்டால் நீ மற்றவர்களைவிட ஒரு படி மேலே போய்விட்டாய். 50 ஹெர்ட்ஸ் கரண்ட் பிரிட்ஜைத் தாண்டும்போது நொடிக்கு 100 தள்ளுகளாக வருகிறது. ஒரு தள்ளுக்கும் அடுத்ததற்கும் நடுவே கெப்பாசிட்டர்தான் தாங்க வேண்டும். ஒரு ஆம்ப் இழுக்கும்போது 1000 மைக்ரோ ஃபாரட் என்றால் வோல்டேஜ் ஏறக்குறைய 10 வோல்ட் சரியும். 4700 போட்டால் 2 வோல்ட் அளவில் நிற்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் 4700, 35 வோல்ட் தாங்குவதாகப் போடு.

அப்படியும் ஹம்மிங் வந்தால் போர்டுக்குப் போகும் ஜீரோ கம்பி தொடங்கும் இடத்தைப் பார். டிரான்ஸ்ஃபார்மர் நடுக்கம்பியிலிருந்து இரண்டு கெப்பாசிட்டரும் சேரும் புள்ளி வரை அந்த நூறு தள்ளுகளும் பாய்கின்றன. அந்தக் கம்பியின் நடுவில் போர்டுக்கு ஜீரோ எடுத்தால் தள்ளு முழுவதும் பாட்டில் கலக்கும். கெப்பாசிட்டர்கள் சேரும் புள்ளிக்கு அந்தப் பக்கம், ஒரே இடத்திலிருந்து போர்டுக்கும் ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக எடு. இந்த ஒரு மாற்றத்தில் அடங்கிப்போன செட்டுகள் ஏராளம். நீயே செய்து கேட்டுப் பார், காது ஒத்துக்கொள்ளும்.

முதல் முறை சுவிட்சைப் போடும் முன், பிரைமரிக்குத் தொடராக 60 வாட்ஸ் பழைய இழை பல்பு ஒன்றை மாட்டு. எல்இடி பல்பு உதவாது. கெப்பாசிட்டர் நிரம்பும் கணத்தில் பல்பு மின்னி, உடனே மங்கினால் சரி. பிரகாசமாகவே எரிந்தால் எங்கோ ஷார்ட். பிளக்கைக் கழற்று, நிதானமாகத் தேடு. கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். ஒவ்வொன்றின் குறுக்கேயும் 2.2 கே ரெசிஸ்டர் போட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் வடிந்துவிடும். வடிந்ததா என்று அளந்த பிறகே தொடு.

இப்போது பல்பை எடுத்துவிடு, 500 மில்லி ஆம்ப் ஸ்லோ புளோ ஃபியூஸ் போடு. பிளஸ் பக்கம் ஒன்று, மைனஸ் பக்கம் ஒன்று என 100 ஓம்ஸ், 10 வாட்ஸ் ரெசிஸ்டர்களைச் சுமையாக மாட்டி அரை மணி நேரம் ஓட விடு. சுமையோடும் சுமை இல்லாமலும் இரண்டு பக்கமும் 18-க்குள் சமமாக நிற்கிறதா? பிளக்கைக் கழற்றிவிட்டு டிரான்ஸ்ஃபார்மரைத் தொட்டுப் பார், கை பொறுக்கும் சூடுதானா? அப்படியென்றால் போர்டை இணை. ஸ்பீக்கர் முனையில் டிசி ஒரு சில மில்லிவோல்ட்தான் என்று மீட்டர் சொன்னதும் ஸ்பீக்கரை மாட்டு, பாட்டைப் போடு, வால்யூமை ஏற்று!