சுவரைத் தாண்டும் அலை உன் கையில்

"அங்க எடுக்காது." பெரியகல்லாற்றின் பெரிய வீடுகளில் பின்னறையில் வைஃபை எப்படி என்று கேட்டால் இந்த இரண்டு சொல்லில் கதை முடிந்துவிடுகிறது. எடுக்காது என்று தீர்ப்பெழுதியது யார்? அளந்து பார்த்தது யார்?

கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற நிலம் இது. மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அதே வளவுக்குள் இன்னொரு வீட்டுக்கு ஒதுங்குவது மட்டக்களப்பு வழக்கம். ஒரு வளவு, இரண்டு வீடு. சில இடத்தில் மூன்று. ரவுட்டரோ முன்வீட்டு மூலையில், வயர் நுழைந்த ஓட்டைக்குப் பக்கத்தில். பின்வீட்டில் உயர்தரம் படிக்கிற பிள்ளை சூம் வகுப்புக்காக வேலியோரம் வந்து நிற்கிறது. கனடாவில் இருக்கிற பேரப்பிள்ளையின் முகம் அம்மம்மாவின் போனில் அசையாமல் நிற்கிறது. தம்பி, தங்கச்சி, இதையும் விதி என்று ஏற்றுக்கொண்டீர்களா?

2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி வந்து அழித்துப் போட்ட கரையில் திரும்பவும் சுவர் எழுப்பியவர்கள் உங்கள் பெற்றோர். சுவரையே எழுப்பத் தெரிந்த குடும்பத்துக்கு, அந்தச் சுவரைத் தாண்டி ஓர் அலையை அனுப்பத் தெரியாதா?

அலையைக் கணக்கிடுவது நமக்குப் புதிய வித்தையா? கல்முனைக்குத் தெற்கே காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1920இல் லண்டன் பி.எஸ்சி. பட்டம் பெற்றவர். வழக்கொழிந்துபோன யாழ்களை ஒலியின் அதிர்வெண்களை வைத்துக் கணக்கிட்டு ஆராய்ந்தார். அந்த உழைப்பு 1947இல் 'யாழ் நூல்' ஆக வெளிவந்தது. அதற்கும் முன்னே, 1895இல், கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் கம்பியில்லாமல் ஓர் அலையைச் சுவருக்கு அப்பால் அனுப்பி மணியை அடிக்க வைத்தார். ஆராய்ச்சிக்கு வசதி குறைந்த காலத்தில், தன் கருவியைத் தானே வடிவமைத்துக்கொண்டு அவர் செய்த வேலை அது. உன் கையில் இருப்பதோ அன்று அவர் கண்டிராத கருவி. தயக்கம் எதற்கு?

எழும்பு. முதல் வேலை அளப்பது. வைஃபை அளக்கும் செயலி ஒன்றைப் போனில் இறக்கிக்கொண்டு ஒவ்வோர் அறையாக நட. அலையின் பலத்தைச் செயலி டிபிஎம் என்ற அலகில் சொல்லும்; மறை 50 என்று காட்டினால் அருமை. மறை 67 வரை வீடியோ வகுப்புக்குப் போதும். மறை 80க்குக் கீழே போனால் அந்த இடத்தை நம்ப முடியாது. எந்தச் சுவரோடு எண் விழுகிறது என்று தாளில் குறி. ஊகத்தில் வாழ்கிறவன் புலம்புவான், அளந்தவன் திருத்துவான்.

அடுத்தது இடம். மூலையில் விளக்கை ஏற்றிவிட்டுக் குசினி இருட்டு என்று யாரும் குறை சொல்வதில்லை, விளக்கைத்தான் நகர்த்துவார்கள். ரவுட்டரையும் வீட்டின் நடுவுக்கு, ஆள் உயரத்துக்கு மேலே கொண்டு வா. இரும்பு அலுமாரி, தகரம், நிலைக்கண்ணாடி எல்லாம் அலையைத் திருப்பி அடிக்கும். தண்ணீர் அதை உறிஞ்சும். கம்பி கட்டிய கொங்கிரீட் அதன் பலத்தைப் பெரிதும் தின்றுவிடும். இவற்றிலிருந்து விலக்கி வை. ஐந்து சதம் செலவில்லாத இந்த வேலையே பல வீடுகளில் பாதித் தொல்லையைத் தீர்த்துவிடும்.

மூன்றாவது, அலைவரிசை. 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோரும். 2.4 வேகம் குறைந்தது, ஆனால் தூரம் போகும். பக்கத்து வீடுகளின் ரவுட்டர்களும் 2.4இல் ஒரே சனலில் முட்டிக்கொண்டால் 1, 6, 11 ஆகியவற்றில் நெரிசல் குறைந்ததைத் தெரிவு செய்.

அதற்கும் மசியாவிட்டால்தான் காசை எடு. ரிப்பீட்டர் வாங்கினால் சிக்னல் இல்லாத அறையில் வைக்காதே. தனக்கே கிடைக்காததை அது எப்படிக் கொடுக்கும்? சிக்னல் நன்றாக இருக்கிற பாதி வழியில் வை. வாங்குவதும் கொடுப்பதும் ஒரே அலைவரிசையில் நடந்தால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும் என்பதையும் தெரிந்துகொள். காசு இருந்தால், ஒரே வலையாகச் சேர்ந்து வேலை செய்யும் மெஷ் கருவிகள் நல்லவை.

பின்வீட்டுக்கு உறுதியான வழி கேபிள்தான். கேட் 6 கேபிள் 100 மீற்றர் வரை சளைக்காமல் கொண்டுபோகும். வளவுகளுக்கு அது தாராளம். அதன் முனையில், மூலையில் தூசு படிந்து கிடக்கிற பழைய ரவுட்டரைக் கொண்டுபோய் வை. அதில் முகவரிகளைப் பங்கிடும் டிஎச்சிபியை நிறுத்து. முதல் ரவுட்டரோடு மோதாத முகவரி ஒன்றைக் கொடு. கேபிளை லான் துளையில் செருகு. அதே பெயரும் கடவுச்சொல்லும் வை. பின்வீடு முழுக்க இணையம் ஓடும். கேபிளைக் குழாய்க்குள் விட்டு உப்புக்காற்றிலும் வெயிலிலும் இருந்து காப்பாற்று. இடி மின்னலுக்கு வானம் கறுக்கத் தொடங்கும்போதே இரண்டு முனையையும் கழற்றிவிடு.

"நான் என்ன இஞ்சினியரா?" என்று கேட்கிறாயா? நேபாளத்தின் நாங்கி என்ற மலைக்கிராமத்து ஆசிரியர் மகாபீர் புன்னிடம் அந்தக் கேள்வி எடுபடவில்லை. அவரும் கிராமத்தவர்களும் தொலைக்காட்சி டிஷ்களை அன்ரெனாவாக்கினார்கள். மரத்தில் கருவியைக் கட்டி மலைக்கு மலை இணையத்தைத் தாவ வைத்தார்கள். 2007இல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. மலைகளையே தாண்ட வைத்தவர்கள் இருக்கிற உலகத்தில், நீ தாண்ட வேண்டியது இரண்டு சுவர்!

ஒரு பழுதைத் திருத்தியவனுக்கு அடுத்த பழுது பயம் காட்டாது. மோட்டர் நின்றாலும், கணினி முடங்கினாலும், பரீட்சையில் கடினமான கணக்கு வந்தாலும் "ஏன்?" என்று கேட்கும் துணிவு அங்கேதான் முளைக்கிறது. அறிவு பட்டத்தோடு மட்டும் வருவதில்லை. கை வைத்துப் பார்க்கிறவனுக்கும் அது வசமாகும்.

இன்றைக்கே அள. நாளைக்கே இடம் மாற்று. இந்தக் கிழமைக்குள் கேபிளை இழு. உன் வீடு முடிந்ததும் பக்கத்து வளவுக்குப் போ. கோட்டைக்கல்லாற்றில் இருக்கிற மச்சானுக்கும் சொல்லிக் கொடு. இணையம் இல்லை என்பதற்காகப் படிப்பில் பின்தங்கிய பிள்ளை நம் ஊரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அதை நடத்திக் காட்ட வேண்டியவன் நீ. நடத்தி முடிக்கக் கூடியவளும் நீதான்!