கேளாவிட்டால் சொல்ல வேண்டாமா?



பாவித்த காரை இணையத்தள விளம்பரம் பார்த்து வாங்கும் வழக்கம் நம்மிடையே பெருகிவிட்டது. 2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வாகனங்களின் விலை மிகவும் ஏறியது. ஆகவே, ஒரு காரின் பின்னால் ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பும், தாயின் நகையும், லீசிங் கடனும் நிற்கின்றன.

ஓடிய தூரம் காட்டும் மீற்றரைப் பின்னோக்கித் திருப்பி விற்பது பொய்யும் களவும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், "நான் பொய் சொல்லவில்லையே; அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை" என்பவரின் நியாயம் கடவுள் முன் செல்லுமா?

புனித தோமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே இக்கேள்வியை ஆராய்ந்தார். அவர் எடுத்துக்காட்டியது குதிரை. ஒற்றைக்கண் குதிரையின் குறை எவருக்கும் தெரியும். அதற்கேற்ப விலையைக் குறைத்தால், விற்பவர் அதை வாய்திறந்து சொல்லக் கடமையில்லை. ஆனால், மறைந்திருந்து நட்டமோ ஆபத்தோ விளைவிக்கும் குறையைச் சொல்லியே ஆகவேண்டும் என்பது அவர் முடிவு.

கதவில் விழுந்த கீறல் ஒற்றைக்கண் போன்றது. பிறேக்கின் பழுது அப்படியல்ல. அந்தக் காரில் நாளை ஒரு தகப்பன் தம் பிள்ளைகளைப் பூசைக்கு ஏற்றிச் செல்வார். அங்கே மௌனம் ஏழாம் கற்பனையை மட்டுமல்ல, ஐந்தாம் கற்பனையையும் மீறுகிறது.

அப்படியானால் வாங்குபவர் கண்ணை மூடிக்கொள்ளலாமா? கூடாது. படத்தை நம்பி முற்பணம் அனுப்புவது அசட்டை. காரைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நம்பிக்கையான மெக்கானிக்கைக் கூட்டிச் செல்லுங்கள். பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின், செசி இலக்கங்களை வாகனத்தோடு ஒப்பிடுங்கள். லீசிங் தீர்ந்ததா என்று விசாரியுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உரிமையைத் தாமதமின்றி மாற்றுங்கள். விவேகமும் தலையான புண்ணியங்களில் ஒன்றே. குடும்பத்தின் பணத்துக்கு நீங்கள் காவலர்.

எனினும், வாங்குபவரின் அசட்டை விற்பவரின் குற்றத்தைக் கழுவாது. வீட்டைப் பூட்டாதவர் கவனமற்றவர்தான். அதனால் உள்ளே புகுந்தவன் கள்வனல்ல என்றாகுமா?

வாங்குபவருக்கும் நீதி உண்டு. கணவனை இழந்த பெண்ணொருத்தி காரின் பெறுமதி அறியாமல் குறைத்து விலை சொன்னால், அந்த அறியாமையில் இலாபம் தேடுவதும் அநீதியே. பித்தளையென எண்ணி ஒருவர் விற்கும் பொன்னை, பொன்னென்று அறிந்தே வாங்கியவர் ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் என்று அதே புனிதர் கற்பிக்கிறார்.

ஏமாற்றி விற்றவர் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டு எழுந்தால் மட்டும் போதாது. சக்கேயு மனம் வருந்தியதோடு நிற்கவில்லை. வஞ்சித்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தார். நான்கு மடங்கு வேண்டாம்; பழுதுபார்க்கும் செலவையாவது கொடுங்கள். வாங்கியவரின் தொலைபேசி இலக்கம் இன்னும் உங்களிடம் இருக்கிறதல்லவா?